ஆல்பியன் ஆன்லைனில் செய்த பொருளுக்கு விலை வைப்பது: ஷீட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்பியன் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் வாள், கவசம், பை என்று கையில் இருக்கும் பொருள் ஏறக்குறைய எல்லாமே யாரோ ஒரு ஆட்டக்காரர் பட்டறையில் செய்து மார்க்கெட்டில் போட்டதுதான். 2023 மார்ச்சில் சிங்கப்பூரில் ஆசியா சர்வர் வந்த பிறகு நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கிராஃப்டிங்கில், அதாவது பொருள் செய்து விற்பதில், இறங்கினார்கள். கில்டு (ஆட்டக்குழு) சாட்டில் இந்தச் செலவுக் கணக்கு ஷீட் (ஸ்ப்ரெட்ஷீட்) பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கணக்கில் வரும் பொருள் விலைகள் எல்லாம் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஊர் மார்க்கெட் விலையை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஷீட் எல்லாம் எதுக்கு? மார்க்கெட்ல என்ன விலை இருக்கோ அதுக்குப் போட்டா போதாதா?

போதும், விற்றுவிடும். லாபமா நஷ்டமா என்பது மட்டும் தெரியாது. விலையைத் தீர்மானிப்பது மார்க்கெட்தான், உங்கள் ஷீட் அல்ல. ஷீட் சொல்வது வேறு விஷயம்: இந்த விலைக்குக் கீழே போனால் கைக்காசு போகும் என்று ஒரு எல்லைக்கோடு போட்டுக் காட்டும். மார்க்கெட் விலை அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் செய்யுங்கள், கீழே இருந்தால் மூலப்பொருளை அப்படியே விற்றுவிடுங்கள்.

அதனால் "என்ன விலை வைக்கலாம்" என்று கேட்டு ஷீட்டைத் திறப்பதைவிட, "இதைச் செய்யலாமா வேண்டாமா" என்று கேட்டுத் திறந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நான் போன்லதான் ஆடுறேன். எக்செல் வாங்கணுமா?

வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் இலவசம், போனிலும் ஓடும். முதல் தடவை ஃபார்முலா எழுதும்போது மட்டும் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தால் நல்லது, போன் கீபோர்டில் அடைப்புக்குறி தேடியே பொறுமை போய்விடும்.

ஷீட்ல என்னென்ன இருக்கணும்? ஒரு உதாரணம் சொல்லுங்க.

டி4 (நான்காம் டியர், அதாவது நான்காம் தரநிலை) பிராட்ஸ்வோர்ட் வாளை எடுத்துக்கொள்வோம். அதற்கு 16 ஸ்டீல் பார், 8 டி4 லெதர் வேண்டும். பார் 250 சில்வர் (ஆட்டத்தின் காசு), லெதர் 300 சில்வர் என்றால் 4,000 + 2,400, மொத்தம் 6,400. இது பொருள் செலவு. வாளுக்குத் தனி போனஸ் உள்ள ஊர் லிம்ஹர்ஸ்ட். அங்கே ஃபோகஸ் (போட்டால் போனஸ் கூடும் புள்ளிகள்) இல்லாமல் செய்தால் 6,400-ஐ 1.33-ஆல் வகுக்க வேண்டும் (ஏன் என்பது அடுத்த பதிலில்). 4,812 வரும். பட்டறைக் கட்டணம் 200 என்று வைத்தால் அடக்க விலை 5,012. அதன் மேல் மார்க்கெட் வரி. பிரீமியம் (சந்தா) இருந்தால் 0.935-ஆல் வகுக்க (ஏன் என்பது பின்னால் வருகிறது), எல்லைக்கோடு 5,361.

ஆக ஒரு வரிசைக்கு வேண்டியவை: பொருளின் பெயர், ஊர், மூலப்பொருள் ஒவ்வொன்றின் எண்ணிக்கை, போனஸுக்காக வகுக்கும் எண், பட்டறைக் கட்டணம், அடக்கம், எல்லைக்கோடு, இப்போதைய மார்க்கெட் விலை, அந்த விலையைப் பார்த்த தேதி. மூலப்பொருள் விலைகளுக்குத் தனியாக ஒரு தாள் வைத்து, வி-லுக்கப் போட்டு அங்கிருந்து எடுங்கள். பார் விலை 250 என்று நாற்பது கட்டத்தில் கையால் அடித்தால், நாளைக்கு 270 ஆகும்போது முப்பத்தெட்டைத்தான் மாற்றுவீர்கள்.

பட்டறையில ரிட்டர்ன் 15.2%னு காட்டுது. ஆனா எல்லாரும் 18%னு பேசறாங்க. எது சரி?

இரண்டும் ஒன்றேதான், பார்க்கும் இடம் வேறு. ஊர்ப் பட்டறையில் அடிப்படை போனஸ் 18. அதை, செய்யும்போது மூலப்பொருளில் திரும்பி வரும் விகிதமாக மாற்றும்போது, 1-லிருந்து 1/1.18-ஐக் கழித்தால் 0.152 வருகிறது. திரையில் தெரிவது இந்த எண். இதில் ஒரு அழகு இருக்கிறது. 100 வாளுக்கான பொருளை வைத்துச் செய்கிறீர்கள், 15.2% திரும்பி வருகிறது. அதைப் போட்டு இன்னும் 15 வாள், அதிலிருந்து திரும்பி வந்ததைப் போட்டு இன்னும் இரண்டு என்று கடைசித் துண்டு வரை போனால் மொத்தம் 118 வாள் கிடைக்கும். அதாவது 18 என்பது அதே பொருளில் கூடுதலாகக் கிடைக்கும் எண்ணிக்கை. எனவே பொருள் செலவை 1.18-ஆல் வகுத்தால் முடிந்தது. திரும்பி வந்த பாருக்குத் தனி விலை போட்டுக் கழித்து, பிறகு அந்தக் கழிவுக்கு இன்னொரு கணக்கு என்று தலையைச் சுற்ற வேண்டியதில்லை.

போனஸ்கள் இந்த 18-உடன் நேராகக் கூடும். அந்த ஊர் அந்தப் பொருளுக்கு உரியது என்றால் 15, ஃபோகஸ் போட்டால் 59. லிம்ஹர்ஸ்டில் வாள்: 18 + 15 = 33, வகுக்க 1.33. ஃபோகஸ் சேர்த்தால் 92, வகுக்க 1.92. தாதுவை உருக்கி பார் ஆக்குவது போன்ற ரிஃபைனிங்குக்கு ஊர் போனஸ் 15 அல்ல, 40. தெட்ஃபோர்டில் தாது உருக்கினால் 1.58, ஃபோகஸோடு 2.17. சில நாள்களில் சில வகைப் பொருளுக்குத் தினசரி போனஸ் 10 அல்லது 20 வரும், அதையும் இதே கூட்டலில் சேர்க்க வேண்டியதுதான். சொந்தத் தீவில் அந்த 18 கிடையாது. ஃபோகஸ் இல்லாமல் அங்கே செய்தால் வகுக்க வேண்டிய எண் வெறும் 1.

திரும்பி வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரே ஒரு வாள் செய்து பார்த்துவிட்டு "கணக்கு தப்பு" என்று வராதீர்கள். நூறு செய்தால் பக்கத்தில் வந்து நிற்கும்.

அப்போ மொத்தச் செலவையும் கூட்டி 1.33-ஆல வகுத்தா வேலை முடிஞ்சுதா?

இல்லை, அதிகம் பேர் வழுக்கும் இடம் இதுதான். போனஸில் திரும்பி வருவது பார், லெதர், துணி, பலகை மாதிரியான சாதாரணப் பொருள்தான். பட்டறைக் கட்டணம் திரும்பி வராது. ஆர்டிஃபாக்ட் என்ற தனிப் பாகம் சேர்த்து ஆயுதம் செய்தால் அந்த ஆர்டிஃபாக்டும் திரும்பி வராது. இவை இரண்டையும் வகுத்தலுக்கு வெளியே வைத்து, கடைசியில் முழுதாகக் கூட்ட வேண்டும்.

மேல் டியர் ஆர்டிஃபாக்ட் ஆயுதங்களில் மொத்தச் செலவில் பெரும்பங்கு ஆர்டிஃபாக்ட்டாகவே இருக்கலாம். அதையும் சேர்த்து வகுத்துவிட்டால் ஷீட் முழுக்கப் பச்சையாக மின்னும், பை மட்டும் காலியாகும். கட்டணத்தையும் ஒரே எண்ணாக எல்லா வரிசைக்கும் போடாதீர்கள். டியரும் என்சான்ட்மென்ட்டும் (ஒரே டியருக்குள் கூடும் நிலை, டி4.1 மாதிரி) ஏற ஏற அதுவும் ஏறும், பட்டறை வைத்திருப்பவர் நினைத்தால் மாற்றவும் செய்வார். செய்யப் போகும் அன்று பட்டறைத் திரையில் காட்டும் தொகையைப் பார்த்து அடிப்பதுதான் நல்லது.

தாதுவை நானே வெட்டினேன். அப்போ எனக்கு அடக்கம் சைபர்தானே?

வீட்டு மரத்துத் தேங்காய் என்பதால் சட்னிக்குச் செலவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதே தேங்காயை வைத்து டிபன் கடை போட்டால் அதற்கும் விலை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் தாதுவை மார்க்கெட்டில் போட்டிருந்தால் சில்வர் வந்திருக்கும். வாள் செய்ததால் அந்த வரவை விட்டீர்கள். அதுதான் உங்கள் செலவு.

இதில் ஒரு நுணுக்கம். வாங்கிய தாதுவுக்கு வாங்கிய விலையைப் போடுங்கள். வெட்டிய தாதுவுக்கு, விற்றிருந்தால் வரி போகக் கையில் வந்திருக்கும் தொகையைப் போடுங்கள். மார்க்கெட்டில் 100 என்றால் பிரீமியம் ஆளுக்கு அது 93.5. இந்த ஆறரை வித்தியாசம்தான் வெட்டுபவருக்கு உண்மையில் இருக்கும் சலுகை. "இலவசம்" என்று போட்டால் எதைச் செய்தாலும் லாபம் என்றே ஷீட் சொல்லும், அப்படிச் சொல்லும் ஷீட்டால் யாருக்கு என்ன பயன்?

6.5% டாக்ஸைக் கூட்டித்தான் விலை வெச்சேன். இன்னும் கொஞ்சம் நஷ்டம் வருதே?

கூட்டியதால்தான். செல் ஆர்டர் (இந்த விலைக்கு விற்கிறேன் என்ற பதிவு) போடும்போது 2.5% கட்டணம், விற்றதும் பிரீமியம் இருந்தால் 4% வரி, இல்லாவிட்டால் 8%. இவை எல்லாம் உங்கள் அடக்கத்தின் மேல் அல்ல, விற்கும் விலையின் மேல் பிடிக்கப்படுகின்றன. முன்னே சொன்ன வாளில் அடக்கம் 5,012. அதை 1.065-ஆல் பெருக்கினால் 5,338. அந்த விலைக்கு விற்றால் கையில் வருவது 4,991, வாளுக்கு 21 சில்வர் போச்சு. பெருக்காமல் 0.935-ஆல் வகுத்தால் 5,361, அதில் கணக்கு நேராகும். பிரீமியம் இல்லாதவர் 0.895-ஆல் வகுக்க வேண்டும், அதே வாளுக்கு அவர் எல்லைக்கோடு 5,600.

ஏற்கெனவே யாரோ போட்ட பை ஆர்டருக்கு (இந்த விலைக்கு வாங்குகிறேன் என்ற பதிவுக்கு) உடனே கொடுத்துவிட்டால் 2.5% கிடையாது, வரி மட்டும்தான். அதற்கு 0.96 அல்லது 0.92. இரண்டு வழிக்கும் இரண்டு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு விற்பதா காத்திருப்பதா என்று பார்த்தவுடன் தெரியும்.

மூலப்பொருளை பை ஆர்டர் போட்டு வாங்கினா?

அதற்கும் 2.5% உண்டு. ஆர்டர் விலையை 1.025-ஆல் பெருக்கி எழுதுங்கள். இங்கே பெருக்கல்தான் சரி, ஏனென்றால் கட்டணம் நீங்கள் எழுதும் விலையின் மேலேயே பிடிக்கப்படுகிறது.

ஒவ்வொரு விலையும் கையால அடிக்கணுமா? தானா வராதா?

வரவைக்கலாம். ஆல்பியன் ஆன்லைன் டேட்டா ப்ராஜெக்ட் என்று ஆட்டக்காரர்களே நடத்தும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் சின்ன நிரலைத் தங்கள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருப்பவர்கள் மார்க்கெட்டைத் திறந்து பார்க்கும்போது, அவர்கள் பார்த்த விலைகள் பொதுச் சேமிப்புக்குப் போகும். அதை ஏபிஐ (நிரல்கள் தகவல் எடுக்கும் வாசல்) வழியாக யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் சில வரி எழுதினால் விலைகள் வந்து விழும்.

ஆனால் இது ஆட்டத்தின் நேரடி விலைப்பட்டியல் அல்ல. யாராவது அந்த ஊரில் அந்தப் பொருளைத் திறந்து பார்த்திருந்தால்தான் விலை புதுசு. அதனால் விலையோடு வரும் தேதியையும் இழுத்துப் பக்கத்தில் போடுங்கள். அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். நாற்பது ஐம்பது பொருளுக்கு மேல் செய்யாதவருக்குக் கையால் அடிப்பதே மேல் என்பது என் கருத்து. அடிக்கும்போது மார்க்கெட்டைக் கண்ணால் பார்க்கிறீர்கள், எந்த விலை ஏறுகிறது, எது தேங்குகிறது என்று மனசில் பதியும்.

ஷீட்ல ஒரு பொருளுக்கு 300% லாபம் காட்டுது! உடனே செஞ்சுடவா?

உடனே சந்தேகப்படுங்கள். முதலில் மூலப்பொருள் விலைகளில் சைபர் இருக்கிறதா என்று பாருங்கள். தகவல் இல்லாத பொருளுக்கு அந்த ஏபிஐ சைபர் என்றே தரும், தேதியில் 0001-ஆம் ஆண்டு என்று இருக்கும். ஷீட்டுக்கு அது "இலவசப் பொருள்". விலை சைபர் என்றால் அடக்கக் கட்டத்தில் "தகவல் இல்லை" என்று வரும்படி ஒரு இஃப் போட்டுவிடுங்கள்.

சைபர் இல்லையென்றால் அடுத்து சர்வர். அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா மூன்றுக்கும் மார்க்கெட் தனித்தனி, ஏபிஐ முகவரியும் தனித்தனி. இணையத்தில் கிடைத்த ஷீட்டை அப்படியே நகலெடுத்தால் அது பெரும்பாலும் அமெரிக்க விலையைக் காட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சரி என்றால், டி4 வாளுக்கு டி4.1 வாளின் விலை வந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் தாண்டியும் 300 நின்றால், மார்க்கெட்டில் ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு வாளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விலைக்குப் போட்டிருப்பார். விற்கும் விலை அல்ல அது, அவருடைய ஆசை.

லாபம் அதிகம்னு வந்ததைத்தான் செஞ்சேன். ஆனா விக்கவே மாட்டேங்குது.

மேலே சொன்ன ஆசை விலையின் அடுத்த கட்டம் இது. மார்க்கெட் திரையில் பொருளைத் திறந்தால் சராசரி விலையும் எத்தனை விற்றது என்றும் வரைபடம் காட்டும். அந்த எண்ணிக்கையை ஷீட்டில் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். ஒரு நாளைக்கு 6 விற்கும் கவசத்தில் ஒன்றுக்கு 9,000 லாபம். 400 விற்கும் பையில் ஒன்றுக்கு 350 லாபம். நீங்கள் பத்தில் ஒரு பங்கு விற்பனையைப் பிடிப்பீர்கள் என்று வைத்தால் முதலாவதில் நாளுக்கு ஒன்றுகூட விற்காது, சராசரியாக 5,400. இரண்டாவதில் 40 பை, 14,000. அதோடு போட்ட சில்வர் அன்றைக்கே திரும்பி வந்து அடுத்த சுற்றுக்குப் போகும்.

அதனால் ஷீட்டை ஒரு பொருளின் லாபத்தை வைத்து வரிசைப்படுத்தாமல், நாள் லாபத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். பட்டியலின் தலையில் இருந்த பாதிப் பெயர்கள் அடிக்குப் போவதைப் பார்ப்பீர்கள்.

ஃபோகஸை எதுல போடறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிரீமியம் இருந்தால் நாளுக்கு 10,000 ஃபோகஸ் வரும், 30,000-க்கு மேல் சேராது. அது ஒரு அளவான சரக்கு, எனவே ஒரு ஃபோகஸுக்கு எத்தனை சில்வர் என்றுதான் பார்க்க வேண்டும். ஃபோகஸ் போட்டதால் மிச்சமான செலவை ஃபோகஸ் செலவால் வகுங்கள். நம் வாளில் 1.33-க்குப் பதில் 1.92-ஆல் வகுத்தால் பொருள் செலவு 4,812-லிருந்து 3,333 ஆகிறது, மிச்சம் 1,479. ஒரு வாளுக்கு 300 ஃபோகஸ் பிடிக்கிறது என்றால் ஃபோகஸுக்கு 4.9 சில்வர். நீங்கள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் இந்த எண்ணைப் போட்டு, பெரியது எதுவோ அங்கே ஊற்றுங்கள்.

மொத்த லாபத்தை ஃபோகஸால் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபோகஸ் இல்லாமலே வந்திருக்கும் லாபத்தையும் அது ஃபோகஸ் கணக்கில் எழுதிவிடும். அப்புறம், ஃபோகஸ் செலவு ஆளுக்கு ஆள் மாறும். டெஸ்டினி போர்டில் (ஆட்டக்காரரின் திறன் பலகை) சேரும் ஃபோகஸ் எஃபிஷியன்ஸி ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் செலவைப் பாதியாக்கும். கில்டில் ஒருவருக்கு வாள் லாபம் என்பதால் உங்களுக்கும் லாபம் என்று அர்த்தமில்லை.

நல்ல குவாலிட்டி விழுந்தா விலை அதிகம். அதை எப்படிச் சேர்க்கறது?

செய்யலாமா வேண்டாமா என்ற முடிவுக்குச் சேர்க்காதீர்கள். எல்லாமே நார்மல் குவாலிட்டி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்படியும் லாபம் வந்தால் செய்யுங்கள், அவுட்ஸ்டேண்டிங் விழுந்தால் அது மேல்வரும்படி. குவாலிட்டியை நம்பித்தான் லாபம் என்றால் அந்தப் பொருள் வேண்டாம்.

கேர்லியன்ல விலை அதிகமா இருக்கு. அங்க கொண்டு போய் வித்தா?

ஊருக்கு ஊர் மார்க்கெட் தனி, அதனால் வித்தியாசம் உண்மைதான். கேர்லியனைச் சுற்றி இருப்பது சிவப்பு மண்டலம், வழியில் வேறு ஆட்டக்காரர்கள் அடித்தால் மொத்தச் சரக்கும் போகும். அந்த ஆபத்துக்கும் ஷீட்டில் ஒரு கட்டம் வேண்டும். இருபது பயணத்தில் ஒன்று போகும் என்று நினைத்தால் சரக்கின் அடக்கத்தில் 5%-ஐ ஒவ்வொரு பயணத்துக்கும் செலவாக எழுதுங்கள், சுமக்கும் எருதும் போட்டிருக்கும் கியரும் உட்பட. விலை வித்தியாசம் அதைத் தாண்டினால் கிளம்புங்கள். முழு சில்வரையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சராசரிக் கணக்கு வேலை செய்ய, முதல் அடிக்குப் பிறகும் கையில் முதலீட்டுக்குச் சில்வர் இருக்க வேண்டும்.

பிரீமியம் வாங்கினா கிராஃப்டருக்குக் கட்டுப்படியாகுமா?

வரியில் மிச்சம் 4%. பிரீமியத்துக்குக் கொடுக்கும் சில்வரை 0.04-ஆல் வகுத்தால் எத்தனைக்கு விற்றால் அது திரும்பும் என்று வரும். 2 கோடி சில்வர் என்றால் 50 கோடிக்கு விற்க வேண்டும், வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் பலருக்குக் கட்டாது. மீதியை ஃபோகஸ் ஈடுகட்ட வேண்டும்: 30 நாளுக்கு 3 லட்சம் ஃபோகஸ், அதை மேலே கண்டுபிடித்த ஃபோகஸுக்கு இத்தனை சில்வர் என்ற எண்ணால் பெருக்குங்கள். 4.9 மாதிரியான எண் வந்தால் 15 லட்சம்கூட ஆகாது. டி4 வாளை மட்டும் நம்பி பிரீமியம் எடுக்க வேண்டாம் என்பது இதிலேயே தெரியும்.

என் எல்லைக்கோட்டுக்குக் கீழேயே நிறையப் பேர் விக்கறாங்களே, அவங்களுக்கு எப்படிக் கட்டுது?

சிலருக்கு உண்மையாகவே கட்டுகிறது: ஃபோகஸ் போடுகிறார்கள், எஃபிஷியன்ஸி ஏறியிருக்கிறது, செய்யும்போது நிரம்பும் ஜர்னல் என்ற குறிப்பேட்டையும் விற்கிறார்கள். சிலர் லாபத்துக்காகச் செய்வதே இல்லை. டெஸ்டினி போர்டில் அடுத்த நிலைக்குப் போக ஃபேம் (அனுபவப் புள்ளி) வேண்டும், அதற்காக நூற்றுக்கணக்கில் செய்து கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு அந்த நஷ்டம் ஃபேமுக்குக் கொடுத்த விலை. நீங்களும் நிலை ஏற்றுகிறீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள்: மொத்த நஷ்டத்தைக் கிடைத்த ஃபேமால் வகுத்து, எந்தப் பொருளில் ஃபேம் மலிவு என்று பாருங்கள். மூன்றாவது வகை, தாது இலவசம் என்று நினைப்பவர்கள். அவர்களோடு போட்டி போடாதீர்கள், அவர்கள் வாளை விட்டுவிட்டு வேறு பொருளுக்குப் போங்கள்.

நான் போட்ட அஞ்சு நிமிஷத்துல ஒரு சில்வர் குறைச்சுப் போடறாங்க. நானும் எடுத்து எடுத்துப் போடணுமா?

ஆர்டரை ரத்து செய்து திரும்பப் போட்டால் 2.5% மறுபடியும் கட்ட வேண்டும், முதலில் கட்டியது திரும்பாது. 5,600-க்குப் போட்ட வாளில் அது 140 சில்வர். எல்லைக்கோடு 5,361 என்றால் உங்கள் லாபமே 224 சில்வர்தான், இரண்டு தடவை எடுத்துப் போட்டால் நஷ்டம். விற்பனை எண்ணிக்கையைப் பாருங்கள். நாளுக்கு 200 விற்கும் பொருளில் உங்களுக்கு முன்னால் 10 நின்றால் விட்டுவிட்டுத் தூங்கலாம், காலையில் போயிருக்கும். நாளுக்கு 6 விற்பதில் உங்களுக்கு முன்னால் 40 நின்றால் ஒரு சில்வர் குறைத்து எந்தப் பயனும் இல்லை. பை ஆர்டருக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது அடுத்த ஊர் விலையைப் பாருங்கள்.

அப்படிக் கொடுக்கும்போது பழைய அடக்கத்தைப் பார்க்காதீர்கள். செய்து முடித்த வாளுக்குப் போன சில்வர் போனதுதான், இன்றைக்கு எந்த வழியில் அதிகம் கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி. அடக்கம் அடுத்த வாளைச் செய்வதா என்று முடிவெடுக்கும்போதுதான் தேவைப்படும்.